உச்சந்தலையில் நீலம்

சாமியார் அந்தப் பாட்டிலைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விளக்கெண்ணெய் வாங்கிய பழைய பாட்டில். உள்ளே முக்கால் அளவுக்கு நீலத் தண்ணீர். வெயில் பட்டதும் அவருடைய வெள்ளை அங்கியில் ஒரு நீலப் பொட்டு விழுந்து ஆடியது.

“இதையா பிள்ளை தலையில ஊத்தினீங்க?” என்று கேட்டார்.



மாதா கோவிலை ஒட்டிய அவருடைய அறையில் நாங்கள் மூன்று பெண்கள் நின்றிருந்தோம். பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நான். பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பழனியக்கா. கையில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி என் வீட்டுக்காரரின் அக்கா ஞானம்மா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

என் மகன் என் கையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலம். அங்கிருந்து ஒரு கோடு இடது காதைச் சுற்றிக்கொண்டு கழுத்துக்குக் கீழே போயிருந்தது.

அந்தத் தண்ணீரோடு அவனுடைய ஜென்மப் பாவம் போயிற்றா, போகவில்லையா? அதைச் சொல்லத்தான் சாமியார் உட்கார்ந்திருந்தார்.

பழத்தைத் தின்றது யாரோ

ஜென்மப் பாவம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு, எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் சாமியார்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆதியில் ஆதாமும் ஏவாளும், தின்னக்கூடாது என்று கடவுள் சொன்ன பழத்தைத் தின்றார்கள். அந்தப் பாவம் அவர்களோடு நிற்கவில்லை. அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று நம் வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்லக்கூடத் தெரியாத பச்சைப் பிள்ளையும் அதோடுதான் பிறக்கிறது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தால்தான் அது போகும்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். ஞானஸ்நானம் ஆகாமல் இறந்துபோகிற பிள்ளைகள் நரகத்துக்குப் போகாது, மோட்சத்துக்கும் போகாது; நடுவில் ஓர் இடத்தில் இருக்கும் என்று. இப்போது கோவிலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்போது அதைக் கேட்டவர்கள் பிள்ளை பிறந்த கையோடு கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

சேவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏழோ எட்டோதான். பூசைக்குச் சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் சைக்கிளில் வந்து புளியமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து மந்திரங்களும் கேள்வி பதிலும் சொல்லிக்கொடுப்பார். கேள்வியை அவர் கேட்பார், பதிலையும் அவரே சொல்வார், நாங்கள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வோம்.

ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்து எழுந்து நின்றாள். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள்.

“ஏனுங்கய்யா, பழத்த அவுங்க தின்னுபோட்டாங்க. எங்களுக்கு ஒரு துண்டுகோட வெக்கலீங்க. அப்பறம் எங்க மேல எதுக்குங்க அந்தப் பாவம்?”

உபதேசியார் அவளை மரத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். மூன்று போதாதென்று நான்காவதும் ஓடினாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் இத்தனை பேர் பார்க்க ஓட வேண்டுமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்விகளைச் சேர்த்தால் ஒரு கட்டை வண்டி கொள்ளாது.

துணி என்ன தப்புப் பண்ணுச்சு

கல்யாணமாகி வேலம்பாளையத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது மதினிதான். புருஷனை இழந்தவர். வீட்டில் அவர் பேச்சுதான் பேச்சு.

ஒரே வாசலைப் பார்த்து நாலு வீடுகள். அடுத்த வீடு பழனியக்காவுடையது. பரம்பரையாகத் தறி நெய்தவர்கள், முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவர் வீட்டுக்காரர் தறியை விட்டுவிட்டுச் சின்னதாகச் சலவைப் பட்டறை போட்டிருந்தார். துணிக்கு நீலம் போடுகிற வேலை மட்டும் எங்கள் வாசலில் நடக்கும். நானும் கூடமாட முக்கிக் கொடுப்பேன்.

இன்றைக்குக் கடையில் பளிச்சென்று மடித்துவைத்த பனியனைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மெஷினிலிருந்து இறங்கும்போது துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, எண்ணெய்ப் பொட்டும் பருத்திக்கொட்டைத் தூசியுமாகத்தான் இறங்கும். அதை வேகவைத்து, வெளுக்கிற பவுடர் போட்டு, அலசி, கடைசியில் நீலத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால்தான் காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் கையில் வாங்குவார்கள்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் நீலம் கரைத்த அண்டாவுக்கு அந்தப் பக்கம் பழனியக்கா, இந்தப் பக்கம் நான். பிள்ளைக்குச் சீக்கிரம் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன்.

“அது எதுக்கு அம்மிணி?”

“பொறக்கறப்பவே இருக்கற பாவம் போறதுக்குங்கக்கா.”

பழனியக்கா கையிலிருந்த பனியனை அப்படியே அண்டாவில் விட்டுவிட்டார்.

“நல்லாருக்குது போ! கண்ணு முழிக்காத பொடுசுக்கு என்ன பாவம்?”

எனக்குத் தெரிந்த ஆதாம் ஏவாள் கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு இன்னும் வெளுக்கப் போகாத ஒரு பழுப்புத் துணியை இழுத்து என் மடியில் போட்டார்.

“இந்தத் துணி என்ன தப்புப் பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணுல. மெசின்ல இருந்து எறங்கறப்பவே இப்படித்தான் எறங்குது. அதுக்குன்னு தூக்கி வீசிருவமா? வெளுத்துக் கட்டிக்கறோம். அதாட்டந்தான உங்குளுது?”

உபதேசியார் இப்படிச் சொல்லியிருந்தால் லூர்து ஓடியிருக்க வேண்டியதில்லை.

“பிள்ளை உயிருக்கு ஆபத்துன்னா சாமியாருக்குக் காத்திருக்க வேண்டாங்கக்கா. யார் வேணாலும் ஊத்தலாம். வேதக்காரங்களா இல்லாட்டியும் ஊத்தலாம்” என்று சேர்த்துச் சொன்னேன். இது உபதேசியார் சொல்லி என் மனதில் நின்றது.

“யாரு வேணாலுமா? நானுமா?”

“நீங்களும்தானுங்க.”

பழனியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப நானும் ஒரு சாமியாருன்னு சொல்லு!”

மூன்று முறை ஊற்றியது

நாள் கணக்குக்கு இருபது நாள் முன்னதாகவே எனக்கு வலி வந்துவிட்டது. காலை பத்து மணி இருக்கும். வீட்டுக்காரர் கம்பெனியில். மதினி டவுனில் இருக்கிற கோவிலுக்குப் போயிருந்தார். மருத்துவச்சியைக் கூட்டிவர ஆள் போய், அவள் வருவதற்குள் பிள்ளை பழனியக்கா கையில் வந்துவிட்டது.

வந்தது. ஆனால் சத்தமில்லை.

பழனியக்கா முதுகைத் தட்டினார். காலைப் பிடித்துத் தூக்கினார். ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்திருக்க என்னால் முடியவில்லை. “அக்கா, தண்ணி ஊத்துங்க. தலையில ஊத்துங்க” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுவே முதல் தடவை.

வீட்டிலிருந்த நல்ல தண்ணீர் முழுவதும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பழனியக்கா பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு, வாசலுக்கு ஓடிச் சொம்பில் மொண்டுகொண்டு ஓடிவந்தார்.

“சொல்லு அம்மிணி, என்னன்னு சொல்லோணும்? சொல்லு, நான் சொல்றேன்!”

என் மாமனார் பெயரான சூசை என்பதையே பிள்ளைக்கு வைத்தேன். பிதா சுதன் என்று வருகிற அந்த ஒரு வரியை நான் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல, அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லி ஊற்றினார். முதல் தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் ஊற்றியதும் பிள்ளை உடம்பு ஒரு வெட்டு வெட்டி, வீல் என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், நாலு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“முருகா! காப்பாத்திட்டப்பா!” என்றார் பழனியக்கா.

சில்லென்ற தண்ணீர் பட்டதால்தான் மூச்சு வந்தது என்று மருத்துவச்சி பிறகு சொன்னாள். இருக்கும். நான் வாதாடவில்லை.

கொஞ்சம் ஆசுவாசமான பிறகுதான் பழனியக்கா பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்ததும் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

“அடக் கெரகமே! அம்மிணி, அவசரத்துல நீல அண்டாவுல மோந்துபோட்டனே!”

மதினி கழுவ விடவில்லை

மதினி வந்தார். நடந்ததைக் கேட்டார். பிள்ளை பிழைத்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னார். பிறகு தலையைப் பார்த்தார்.

“ஏட்டி, என்னது இது?”

சொன்னேன்.

“இது தண்ணியாட்டி? பனியனுக்குப் போடுத சாயம்! சாயத்த ஊத்தினா ஜென்மப் பாவம் போவுமா?”

பழனியக்கா ஈரத் துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தார். மதினி தடுத்துவிட்டார்.

“தொடாத. கழுவக்கூடாது. சாமியார் தன் கண்ணால பாக்கட்டும். இது செல்லாதுன்னு அவர் வாயால சொல்லட்டும்.”

“அக்கா, அதுல ஒரு சிட்டிகதானுங்க நீலம். மத்ததெல்லாம் தண்ணிதானுங்க.”

“உன் அண்டாத் தண்ணி எங்க கோயில் தண்ணி ஆவுமா? போ, உன் சோலியப் பாரு.”

 பழனியக்கா துணியை மடித்துவைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி ஏறவில்லை. எனக்கு வேண்டிய மருந்தை இடித்து, உருட்டி, சன்னலில் வைத்துவிட்டுப் போவார். அவர் தனியாக நீலம் முக்கிப் பிழிகிற சத்தம் உள்ளே படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். என் பிள்ளைக்கு மூச்சுக் கொடுத்த கை அது. அந்தத் தண்ணீர் செல்லாது என்று சாமியார் சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு அண்டாவுக்கு இந்தப் பக்கம் போய் உட்காருவேன்?

இன்னொரு பக்கம் மதினி. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை முத்தமிடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மதினி மடியில்கூட வாங்கவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்வார். கை தொட்டில் கயிறுவரை போகும், திரும்பி வந்துவிடும்.

நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். எட்டிப் பார்த்து “நீலாண்டி, நீலாண்டி” என்று கூவிவிட்டு ஓடும். “கிருஷ்ணனாட்டமே இருக்குது” என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது மதினி காதில் விழுந்து, அன்று ஜெபமாலை இரண்டு தரம் நடந்தது.

சாமியாரிடம் மதினியே போய்ச் சொன்னார். ஊற்றியவளும் பார்த்தவளும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வரவேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஐந்தாம் நாள் குதிரை வண்டியில் கிளம்பினோம். மதினியும் நானும் உள்ளே. பழனியக்கா பாட்டிலோடு முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில். வழியெல்லாம் குதிரை ஒன்றுதான் சத்தம் போட்டது.

சாமியார் கேட்ட கேள்விகள்

சாமியார் பாட்டிலை மேசையில் வைத்தார்.

“ஊத்தினது யாரு?”

“நானுங்க சாமி.”

“எதுக்காக ஊத்தினே?”

பழனியக்கா யோசிக்கவேயில்லை. “இவுங்க சாமி என்ன செய்யோணும்னு சொல்லுதோ, அது நடக்கட்டும்னுதானுங்க ஊத்துனன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க.”

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெரிய படிப்புப் படிச்சவங்ககூட இதை இவ்வளவு சரியாச் சொல்லமாட்டாங்க” என்றார். “சரி, வார்த்தையைச் சொன்னது யாரு? ஊத்தினவளே சொல்லணும். ஒருத்தி ஊத்தி ஒருத்தி சொன்னா ஆகாது.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். வார்த்தை தெரிந்தவள் நான்.  வேற்று ஆண்கள் முன்னால் நான் பேசினதில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் பேசுவதோடு சரி, அங்கேயும் நடுவில் தட்டி உண்டு.

பழனியக்காவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் நீலம்.

“சாமி, நான் எடுத்துத்தானுங்க கொடுத்தேன். சொன்னது அவுங்க. ஒரு வார்த்தை விடாம, சத்தமா சொன்னாங்க. சொல்லச் சொல்ல ஊத்தினாங்க. மூணு தரமும் நான் பார்த்தேனுங்க.”



“ஒண்ண மறைக்கக் கூடாதுங்க சாமி” என்று பழனியக்கா குறுக்கே வந்தார். “நான் முருகான்னும் சொல்லிப்போட்டனுங்க.”

மதினி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஊத்தறப்பவா, ஊத்தி முடிச்சப்புறமா?”

“முடிச்சு, பையன் அழுதப்பறமுங்க. சந்தோசத்துலங்க.”

“அப்ப அது உன் சந்தோஷம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்றார் சாமியார். மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை எடுத்தார். பாட்டிலைத் திறந்து விரலை நனைத்துப் பார்த்தார்.

“சாமி, மேலாக மொண்டு வந்திருக்கா. அன்னைக்கு ஊத்தினது அடியில கலங்கின கெட்டிச் சாயம். தலையில ஒட்டிக்கிட்டு நிக்கிதே, பாருங்க. அது ஓடவே இல்ல. பூசினதுதான்” என்றார் மதினி. தலையில் பூசினால் ஆகாது, தண்ணீர் வழிந்து ஓட வேண்டும் என்பது மதினிக்குத் தெரியும்.

“பிள்ளையைக் கொண்டா” என்றார் சாமியார்.

உச்சியைப் பார்த்தார். பிறகு விரலால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். உச்சியிலிருந்து காது, காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்குகிற இடம்.

“ஞானம்மா, இந்தக் கோடு எப்படி வந்துச்சு?”

மதினி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“கெட்டியா இருந்திருந்தா உச்சியிலேயே நின்னிருக்கும். ஓடியிருக்கு. முதுகு வரைக்கும் ஓடியிருக்கு. சாட்சிக்கு ஒருத்தரும் தேவையில்லை, தடமே இருக்கு. நல்லவேளை, கழுவாம வச்சிருந்தே.”

பழனியக்காவைப் பார்த்துக் கேட்டார்: “இந்தத் தண்ணியில துணியைப் போட்டா என்ன ஆகும்?”

“வெள்ளையாகுமுங்க சாமி.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொடி போட்ட மூக்கோடு சிரித்ததில் தும்மலும் வந்துவிட்டது. தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “செல்லும். ஒருத்தருக்கு ஒரு தடவைதான் ஞானஸ்நானம். நான் மறுபடி ஊத்தமாட்டேன்.”

மதினி சொன்னது

நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆனால் மதினி அசையாமல் நின்றார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்ப அன்னைக்கு நானும் ஊத்தியிருக்கலாம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மதினிக்கு ஒரு பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஞானஸ்நானம் ஆகாமல் போன பிள்ளை.

“சாமியாருக்கு ஆளனுப்பிட்டு வாசல்லயே நின்னேன், சாமி. வீட்டுல குடம் நெறையத் தண்ணி இருந்துது. நானே ஊத்தலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.”

பழனியக்காவின் தண்ணீர் செல்லக்கூடாது என்று மதினி ஐந்து நாளாக ஜெபித்தது எதற்கென்று இப்போது தெரிந்தது. இது செல்லும் என்றால், தன் பிள்ளைக்கு அவரே ஊற்றாமல் விட்டது தவறு என்று ஆகிவிடும்.

சாமியார் எழுந்து வந்தார். “தெரியாம விட்டது பாவமில்லை, ஞானம்மா. நீ வாசல்ல நின்னதைக் கடவுள் பார்க்கலேன்னா நினைக்கிறே? உன் பிள்ளையை நடுவுல எங்கேயோ விட்டுட்டு அவர் தூங்குவாரா? உன்னைவிட அவருக்கு இரக்கம் கம்மியா?”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பழனியக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“மிச்சச் சடங்கு இருக்கு. எண்ணெய் பூசணும், மெழுகுவத்தி பிடிக்கணும். பிள்ளைக்குப் பொறுப்பேத்துக்கிற ஞானத்தாய் யாரு?” என்றார் சாமியார்.

“மதினிதானுங்க” என்றேன். அன்று எனக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது.

பிள்ளையை மதினி கையில் கொடுத்தேன். முதல்முறையாக வாங்கினார். கோவிலுக்குள் போனோம். சாமியார் நாக்கில் உப்பு வைத்தார், சூசை முகத்தைச் சுளித்தான். உச்சந்தலையில் பரிசுத்த தைலத்தைத் தொட்டுச் சிலுவை போட்டார். ஐந்து நாள் காய்ந்திருந்த நீலம் எண்ணெயில் இளகிக்கொண்டது. சாமியாருடைய கட்டைவிரல் நீலமாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே மந்திரத்தைச் சொல்லி முடித்தார்.

சடங்கு முடிந்ததோ இல்லையோ, மதினி குனிந்தார். ஐந்து நாள் முத்தத்தையும் சேர்த்து அந்த உச்சியிலேயே கொடுத்தார். வைத்த வாயை எடுக்கவேயில்லை.

எடுத்தபோது இரண்டு உதடும் நீலம்.

எனக்குச் சிரிக்கப் பயம். பழனியக்காவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது.

“ஏனுங்க ஞானம்மாக்கா, பையன்கிட்ட இருந்த பாவம் உங்க உதட்டுக்கு வந்துருச்சாட்ட இருக்குதுங்க?”

மதினி முந்தானையால் துடைத்தார். நீலம் கன்னத்துக்கும் பரவியது. சாமியார் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மதினி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழனியக்காவைப் பார்த்தார். கோவில் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வெளியே வந்ததும் பழனியக்கா வரும்போது போலவே வண்டிக்காரர் பக்கத்தில் ஏறப் போனார்.

“ஏட்டி பழனி, அங்க என்ன சோலி? இங்க வா, உள்ள” என்று மதினி தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

வண்டி வேலம்பாளையம் போய்ச் சேர்கிற வரைக்கும் மதினி பிள்ளையை என்னிடம் தரவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பழனியக்காவின் மடியில் பாட்டில் குலுங்கிக்கொண்டே வந்தது. வழியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மதினி இறங்கி வாய் கழுவவில்லை.